வண்டி புறப்படுமுன் சாலையை அறிவோம்

குடும்பத்துடன் வாகனத்திலேயே தங்கி, வாகனத்திலேயே சமைத்து உண்டு நாடு சுற்றும் பழக்கம் நம் நாட்டில் மெல்ல வளர்ந்து வருகிறது. கேரள அரசும் மகாராட்டிர அரசும் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை அறிவித்தன. படுக்கை, சிறு அடுப்பங்கரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் கூடிய வண்டிகளை வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பல நகரங்களில் தோன்றியுள்ளன. சொந்தமாக வேன் வாங்கிக் கேரவனாக மாற்றிக்கொள்வோரும் உளர். இவர்களுள் சிலர் வாகனக் கடனுக்காகவும் காப்பீட்டு விளக்கத்திற்காகவும் எங்கள் கிளைகளுக்கு வருகின்றனர்.

அவர்களுடன் உரையாடும்போது ஒன்றைக் காண்கிறோம். எந்தக் கோயிலைக் காண்பது, எந்த ஏரிக்கரையில் இரவு தங்குவது, என்னென்ன சமைப்பது என்பவை எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். செல்லும் சாலையின் மேற்பரப்பு எத்தகையது என்ற வினா மட்டும் எழுந்திருக்காது. ஒரு நாளில் எவ்வளவு தொலைவு செல்ல இயலும், எவ்வளவு எரிபொருள் செலவாகும், டயரும் அச்சும் தாங்குமா, பழுது நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்ற அனைத்தும் அந்த ஒரு வினாவைச் சார்ந்தவை. அதற்கு விடை காணும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

காருக்குப் பொருந்துவது கேரவனுக்குப் பொருந்தாது

நண்பர் ஒருவர் தம் காரில் ஒரு சாலையில் சென்று வந்து, 'நல்ல சாலைதான்' என்று கூறலாம். அவர் கூற்று உண்மையாகவே இருக்கலாம்; ஆயினும் அது நம் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். கேரவன் நீளமானது, உயரமானது, எடை மிகுந்தது. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதன் எடை மட்டுமே 100 கிலோ. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடைவெளி அதிகமாக இருப்பதால், கூரிய வேகத்தடையிலும் திடீர் மேட்டிலும் வண்டியின் அடிவயிறு உரசும். பின் சக்கரத்திற்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, பள்ளத்திலிருந்து ஏறும்போது தரையில் இடிக்கும்.

உயரமும் கவனத்திற்குரியது. சாலையின் ஒரு புறம் அமிழ்ந்திருந்தால் கார் சற்றே சாயும். உயரமான வண்டியோ நன்றாகச் சாய்ந்து, மரக்கிளையிலும் பாறை நீட்டத்திலும் மோதக்கூடும். வண்டிக்குள் இருக்கும் அலமாரி, குளிர்பெட்டி, மின்கலம், எரிவாயு உருளை ஆகியவை ஒவ்வொரு குலுக்கலிலும் தம் பிடிப்பை இழக்கின்றன. எனவே சாலையைப் பற்றிப் பிறரிடம் கேட்கும்போது, 'நீங்கள் எந்த வண்டியில் சென்றீர்கள்?' என்ற வினாவையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.

சாலை யாருடைய பொறுப்பில் உள்ளது?

இந்தியாவில் ஏறத்தாழ 63 லட்சம் கிலோமீட்டர் நீளச் சாலைகள் உள்ளன. அவற்றுள் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 1,46,000 கிலோமீட்டர். அதாவது மொத்தத்தில் இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல். நாட்டின் சாலைப் போக்குவரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தச் சிறு பகுதியின்மீதே நடைபெறுகிறது. ஏனையவை மாநில நெடுஞ்சாலைகள், மாவட்டச் சாலைகள், ஊரகச் சாலைகள் ஆகும். ஒவ்வொன்றையும் பேணும் துறை வேறு. அதனால் தகவல் கிடைக்கும் இடமும் வேறு.

சாலையோர மைல்கல்லின் தலைப்பகுதி நிறத்தைக் கொண்டே அது எவ்வகைச் சாலை என அறியலாம். மஞ்சள் நிறமாயின் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. கருப்பு அல்லது நீலமாயின் மாவட்டச் சாலை. ஆரஞ்சு நிறமாயின் ஊரகச் சாலை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் அமைந்த சாலையின் தொடக்கத்தில் ஒரு தகவல் பலகை நிற்கும். பணி முடிந்த நாளும், ஒப்பந்ததாரர் ஐந்தாண்டு காலம் பராமரிக்க வேண்டும் என்ற விவரமும் அதில் இருக்கும். பராமரிப்புக் காலம் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருப்பின் எச்சரிக்கையுடன் நுழைதல் நன்று.

தேசிய நெடுஞ்சாலைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன; சில மாநிலப் பொதுப்பணித் துறையின் வழியாகப் பேணப்படுகின்றன; எல்லைப் பகுதிகளில் பல, 1960ஆம் ஆண்டு மே மாதம் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறுப்பில் உள்ளன. ஆகவே 'தேசிய நெடுஞ்சாலை' என்ற பெயரைக் கண்டதும் நான்கு வழிச் சாலை என்று எண்ணிவிடுதல் கூடாது. இரு வழித் தேசிய நெடுஞ்சாலைகளும், சில இடங்களில் ஒற்றை வழியாகக் குறுகுவனவும் உள்ளன.

எண்களையும் சரியாகப் படித்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றியமைக்கப்பட்டன. கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை எண்களைப் பெற்றன. அவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறுகின்றன. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டைப்படை எண்களைப் பெற்றன. அவை கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஏறுகின்றன. மூன்று இலக்க எண்கள் கிளைச் சாலைகளைக் குறிக்கும். வாராணசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற பழைய தேசிய நெடுஞ்சாலை 7 என்ற எண் நம்மில் பலருக்கு இன்றும் நினைவில் உள்ளது. இன்று அதே எண், பஞ்சாபின் ஃபாசில்காவிலிருந்து உத்தராகண்டின் மாணா வரை செல்லும் சாலைக்கு உரியது. பழைய வரைபடத்தையும் புதிய செய்தியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போர் இவ்வாறு தவறான சாலையின் நிலையைப் படித்துவிடக்கூடும்.

மேற்பரப்பு கெடுவது எவ்வாறு?

சாலை எவ்வாறு கெடுகிறது என்பதை அறிந்தால், எந்தப் பருவத்தில் எந்தச் சாலையை ஐயுற வேண்டும் என்பது தானே விளங்கும்.

நம் நாட்டில் பெரும்பாலானவை தார்ச்சாலைகள். தாருக்கு நீர் பகை. வெயிலாலும் கனரக வண்டிகளின் பாரத்தாலும் மேற்பரப்பில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றுகின்றன. மழைநீர் அவ்வழியே இறங்கி, கற்களைப் பற்றியிருக்கும் தாரைப் பிரிக்கிறது, அடித்தளத்தையும் இளக்குகிறது. அதன்மேல் சக்கரங்கள் ஏறி இறங்க, துண்டு துண்டாகப் பெயர்ந்து குழி உண்டாகிறது. ஆகவே மேற்குக் கடற்கரையோரச் சாலைகளும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாலைகளும் தென்மேற்குப் பருவமழை முடியும் செப்டம்பர் மாதத்தில் பெரும்பாலும் மிக மோசமான நிலையில் இருக்கும். பழுதுபார்ப்பு மழை ஓய்ந்த பின்னரே நடைபெறும். சனவரியில் சென்று வந்தவரின் சான்று செப்டம்பர்ப் பயணத்திற்கு உதவாது என்பதற்குக் காரணம் இதுவே.

சிமென்ட் கான்கிரீட் சாலைகள் மழையைத் தாங்குபவை. 2002ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை–புணே விரைவுச்சாலை இவ்வகைக்குப் பெயர் பெற்றது. இவற்றில் குழிகள் குறைவு. பலகைகள் சேரும் இணைப்புகளில் சீரான தட்டல் இருக்கும். கோடை வெயிலில், தடையின்றி நீண்ட நேரம் வேகமாகச் செல்லும்போது டயர்கள் சூடேறுகின்றன. பழைய டயர்களும் காற்று குறைந்த டயர்களும் அப்போது வெடிக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதிகம் ஓடாத கேரவனின் டயர், பூ தேயாமலே முதுமையடைந்திருக்கும்.

மலைச் சாலைகளின் நிலை வேறு. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். விரிசலில் தங்கிய நீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மீண்டும் உறைந்து சாலையைப் பிளக்கிறது. குளிர்காலம் முழுவதும் இது நடைபெறுகிறது. பனிச்சரிவும் நிலச்சரிவும் சில இடங்களில் சாலையையே அடித்துச் செல்கின்றன. எனவே இமயமலைச் சாலைகளின் மேற்பரப்பு ஆண்டுதோறும் மாறுகிறது. பனி அகற்றித் திறந்த முதல் வாரங்களில் ஒரு நிலை, இரண்டு மாதம் கழித்து மற்றொரு நிலை.

பொறியாளர்கள் மேற்பரப்பின் தரத்தை எண்ணால் அளக்கின்றனர். அளவி பொருத்திய வண்டி ஒரு கிலோமீட்டர் செல்லும்போது மேலும் கீழுமாக எவ்வளவு அசைகிறது என்பதைக் கூட்டி, கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் எனக் குறிப்பர். உயர்தரத் தார்ச்சாலையில் இவ்வளவு 2,000க்குக் குறைவாயின் நன்று; 3,000க்கு மேற்பட்டால் மோசம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் லேசர்க் கருவிகளும் ஒளிப்படக் கருவிகளும் பொருத்திய ஆய்வு வண்டிகளைக் கொண்டு விரிசல், குழி, சக்கரத் தடப் பள்ளம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. பயணியாகிய நமக்கு இத்தகைய கருவி தேவையில்லை. பின்வரும் வழிகளே போதும்.

தகவல் எங்கே கிடைக்கும்?

முதலாவது, வரைபடச் செயலி. அது காட்டும் தொலைவை அது காட்டும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் எனில் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 67 கிலோமீட்டர். சாலை நன்றாக உள்ளதெனக் கொள்ளலாம். அதே தொலைவுக்கு நான்கு மணி நேரம் எனில் வேகம் 25 மட்டுமே. நெரிசல், வளைவுகள், மோசமான மேற்பரப்பு ஆகிய மூன்றில் ஒன்று அதற்குக் காரணம். வரைபடத்தில் ஊர்களும் மலைகளும் இல்லாமலே வேகம் குறைந்திருப்பின் மேற்பரப்பை ஐயுறலாம். மொத்தப் பயணத்திற்கும் ஒரே கணக்காகப் பார்க்காமல், 40 அல்லது 50 கிலோமீட்டர்ப் பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் கலந்த சராசரி, கெட்ட பகுதியை மறைத்துவிடும்.

இரண்டாவது, படங்கள். கூகுள் நிறுவனத்தின் தெருக்காட்சி வசதி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. அதில் உள்ள படத்தின் ஓரத்தில் அது எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் பார்க்காமல் படத்தை நம்புதல் கூடாது. தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தில், தார், கான்கிரீட், சரளை, மண் என மேற்பரப்பின் வகையையும் அதன் வழுவழுப்பையும் குறிக்க இடமுண்டு. எல்லாச் சாலைகளுக்கும் அது நிரப்பப்படவில்லை. நிரப்பப்பட்ட இடத்தில் பயனுள்ளது.

மூன்றாவது, அரசுத் தகவல். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023இல் வெளியிட்ட 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் நெடுஞ்சாலை பற்றிய விவரங்களைப் பெறலாம். குழி முதலிய குறைகளைப் படத்துடன் தெரிவிக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டின் 1033 என்ற எண் நாள் முழுவதும் இயங்குகிறது. கிராமச் சாலைகள் குறித்த குறைகளுக்கு 'மேரி சடக்' செயலி உள்ளது. மலை மாவட்டங்களில் மாவட்டக் காவல்துறையும் போக்குவரத்துக் காவல்துறையும் சமூக ஊடகங்களில் எந்தச் சாலை திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என்று வெளியிடுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிற எச்சரிக்கைகளையும் இவற்றுடன் சேர்த்துப் பாருங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை உள்ள மலை மாவட்டத்தில், நேற்றைய நல்ல சாலை இன்று இல்லாமல் போகலாம்.

நான்காவது, மனிதர்கள். எந்தச் செயலியையும்விட, அன்று காலை அவ்வழியே வந்த லாரி ஓட்டுநரின் சொல் மதிப்புடையது. எரிபொருள் நிலையம், சாலையோர உணவகம், அரசுப் பேருந்துப் பணிமனை ஆகியவற்றில் கேட்கலாம். 'சாலை நன்றாக உள்ளதா?' என்று கேட்டால் மரியாதைக்காக 'ஆம்' என்ற விடையே பெரும்பாலும் வரும். 'நீங்கள் கடைசியாக எப்போது வந்தீர்கள்? இங்கிருந்து அந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று? எந்த இடத்தில் மெதுவாகச் செல்ல நேர்ந்தது?' என்று கேட்டால் விடை தெளிவாக வரும். அரசுப் பேருந்து நாள்தோறும் செல்லும் சாலை நம் வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் ஏற்கும் என்பதும் ஒரு பயனுள்ள குறிப்பு. பேருந்தின் பயண நேரத்தைக் கேட்டறிந்தால் நம் நேரத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: மணாலியிலிருந்து லே வரை

மேற்கூறியவற்றை ஒரு சாலையில் பொருத்திப் பார்ப்போம். இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 3இன் பகுதி. 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம், ரோதங் கணவாயைத் தவிர்த்து, இத்தொலைவை 46 கிலோமீட்டர் குறைத்தது. இப்போது தொலைவு சுமார் 430 கிலோமீட்டர். சமவெளி நான்கு வழிச் சாலையில் இது ஒரு நாள் பயணம். இங்கே இரண்டு அல்லது மூன்று நாள்கள் ஒதுக்குதல் வேண்டும்.

பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். மணாலி முதல் கேலாங், ஜிஸ்பா வரையுள்ள முதற்பகுதியில் ஊர்களும் தங்குமிடங்களும் உள்ளன. தண்டியில் எரிபொருள் நிலையம் உள்ளது. அங்கே தொட்டியை நிரப்பாமல் மேலே செல்லுதல் கூடாது. தார்ச்சாவைக் கடந்தபின் பாரலாச்சா கணவாய், சர்ச்சு, காட்டா வளைவுகள், நாக்கீ கணவாய், லாச்சுலுங் கணவாய், பாங் எனச் சாலை ஏறி இறங்குகிறது. காட்டா வளைவுகளில் மட்டும் 21 கொண்டையூசித் திருப்பங்கள். நீளமான வண்டி அவற்றில் ஒரே முறையில் திரும்ப இயலுமா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். பாங்கிற்கு அப்பால் மோரே சமவெளி; அதன்பின் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தாங்லாங் கணவாய்; பிறகு உப்ஷி, காரு வழியாக லே.

நடுப்பகுதியில் சாலையின் குறுக்கே ஓடைகள் பாயும் இடங்கள் உண்டு. மேலே உள்ள பனி பகல் வெயிலில் உருகுவதால், காலையில் கணுக்கால் அளவில் ஓடும் நீர் பிற்பகலில் பெருகிவிடும். இவ்விடங்களை முற்பகலிலேயே கடக்கும்படி புறப்படுவதே அச்சாலையின் ஓட்டுநர்கள் கையாளும் முறை. நீரின் அடியில் உள்ள கற்கள் கண்ணுக்குத் தெரியா. முன்னே ஒரு லாரி கடப்பதைப் பார்த்து, நீர் அதன் சக்கரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யலாம்.

இச்சாலை கோடையின் தொடக்கத்தில் பனி அகற்றித் திறக்கப்பட்டு, குளிர்காலத்திற்கு முன் மூடப்படுகிறது. நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சாலை திறந்துவிட்டது என்ற செய்தியும் சாலை நன்றாக உள்ளது என்ற செய்தியும் ஒன்றல்ல. திறந்த முதல் நாள்களில் ஒரு வழியாக மட்டும் விடப்படலாம். சங்கிலி கட்டிய அல்லது நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளுக்கு மட்டும் அனுமதி தரப்படலாம். கேரவனில் செல்வோர் சில வாரங்கள் காத்திருத்தல் நலம். இமாச்சல அரசுப் போக்குவரத்துக் கழகம் கோடைப் பருவத்தில் தில்லியிலிருந்து லே வரை பேருந்து இயக்குகிறது. அச்சேவை தொடங்கிய செய்தி, பெரிய வண்டிகளுக்குச் சாலை ஏற்றதாகிவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம்.

உயரமும் மேற்பரப்பும் இங்கே ஒன்றையொன்று பாதிக்கின்றன. சாலை மோசமாக இருந்து வேகம் குறைந்தால், பகலில் கடந்துவிட எண்ணிய 4,000 மீட்டருக்கு மேற்பட்ட இடத்திலேயே இரவைக் கழிக்க நேரிடும். உடல் பழகாத நிலையில் அவ்வுயரத்தில் உறங்குவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே ஜிஸ்பா போன்ற தாழ்ந்த இடத்தில் இரவு தங்கி, விடியலில் புறப்படுதல் வேண்டும். பிற்பகல் ஆகியும் குறித்த இடத்தை அடையாவிடில் திரும்பிவிடவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண சிம் அட்டைகள் லடாக்கில் செயல்படுவதில்லை; பின்கட்டண இணைப்பு தேவை. வழியில் பெரும்பகுதியில் அலைவரிசையே கிடைக்காது. யுபிஐ வழியாகச் செலுத்தலாம் என்று வெறுங்கையுடன் செல்லாமல், எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குப் போதுமான ரொக்கத்தை எடுத்துச் செல்லுங்கள்.

நேரத்தைக் கணக்கிடும் முறை

திரட்டிய தகவலைக் கொண்டு, பாதையை நான்கு தரங்களாகப் பிரியுங்கள். நல்ல நான்கு வழிச் சாலையில் கேரவனுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர், சுமாரான இரு வழிச் சாலையில் 40, குழிகள் நிறைந்த சாலையில் 20, சரளையும் நீரோடையும் உள்ள இடத்தில் 10 என வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் பயணம் 240 கிலோமீட்டர் எனக் கொள்வோம். முதல் தரம் 120 கிலோமீட்டர்: 2 மணி. இரண்டாம் தரம் 80 கிலோமீட்டர்: 2 மணி. மூன்றாம் தரம் 30 கிலோமீட்டர்: ஒன்றரை மணி. நான்காம் தரம் 10 கிலோமீட்டர்: 1 மணி. மொத்தம் ஆறரை மணி நேரம். தொலைவில் ஆறில் ஒரு பங்கான 40 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வதைக் காண்க. இரண்டாம் தரம் என எண்ணிய 80 கிலோமீட்டரில் 40 கிலோமீட்டர் மூன்றாம் தரமாக அமைந்துவிட்டால் மேலும் ஒரு மணி நேரம் கூடும். உணவும் ஓய்வும் சேர்த்தால் இருட்டிவிடும். இருளில் நீர் நிறைந்த குழியின் ஆழம் தெரியாது. ஆகவே ஐயத்திற்குரிய பகுதியைத் தாழ்ந்த தரத்திலேயே கணக்கிட்டு, பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிறுத்துமிடத்தை அடையும்படி திட்டமிடுங்கள். மோசமான பகுதியைப் பயணத்தின் இறுதியில் வைக்காமல் காலையில் வைக்க இயலுமாயின் இன்னும் நன்று.

காப்பீடு எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

எங்களிடம் வாடிக்கையாளர்கள் மிகுந்த மனவருத்தத்துடன் வருவது இவ்விடத்தில்தான். விரிவான காப்பீடு உள்ளது. ஆகவே எது நேர்ந்தாலும் தொகை கிடைக்கும் என்று பலர் நம்புகின்றனர். வழக்கமான மோட்டார்க் காப்பீடு திடீர் விபத்தால் வெளியிலிருந்து நேரும் சேதத்தை ஈடுசெய்கிறது. தேய்மானம், இயந்திரப் பழுது, மின் பழுது, ஒரு சேதத்தின் தொடர்ச்சியாகப் பின்னர் விளையும் இழப்பு ஆகியவற்றை அது ஏற்பதில்லை.

எடுத்துக்காட்டாக, குழியில் இறங்கிய வண்டியின் அடியில் கல் மோதி, ஆயில் சம்ப் எனப்படும் எஞ்சின் எண்ணெய்க் கலம் உடைகிறது. அவ்வுடைப்பு விபத்துச் சேதம். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிச் சென்று, எண்ணெய் வடிந்து எஞ்சின் இறுகிப்போனால், அது தொடர் இழப்பு. முன்னதற்குச் சில ஆயிரங்கள் செலவாகலாம்; பின்னது லட்சங்களில் முடியும். அந்தப் பெருந்தொகையே வாடிக்கையாளரின் தலையில் விழுகிறது. நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் இயக்க முயன்று எஞ்சினுக்குள் நீர் புகுவதும் இவ்வாறே. ஆகவே அடியில் இடி கேட்டவுடன் நிறுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். படம் எடுத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, இழுவை வண்டிக்குக் காத்திருங்கள்.

டயருக்கும் தனி விதி உண்டு. விபத்தில் வண்டியும் சேதமடைந்தாலன்றி, டயர் மட்டும் கிழிந்தால் வழக்கமான காப்பீடு ஈடு தராது. வண்டியும் சேதமடைந்தால் மாற்றுச் செலவில் பாதியே கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் மின்கலத்திற்கும் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். தேய்மானமில்லாக் காப்பு, எஞ்சின் பாதுகாப்பு, டயர்ப் பாதுகாப்பு, சாலையோர உதவி ஆகிய கூடுதல் காப்புகளைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். மோசமான சாலைகள் உள்ள பயணத்திற்குமுன் இவற்றின் நிபந்தனைகளைப் படித்து முடிவு செய்யுங்கள்.

வண்டியைக் கேரவனாக மாற்றியோர் மேலும் இரண்டைக் கவனித்தல் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைக்கப் பதிவு அலுவலரின் ஒப்புதல் தேவை. குளிர்பெட்டி, சூரியத் தகடு, கூடுதல் மின்கலம் போன்றவற்றின் மதிப்பைக் காப்பீட்டு ஆவணத்தில் தனியே குறிப்பிடாவிடில், அவை உடைந்தால் ஈடு கோர இயலாது. சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிந்த வண்டியை வாடகைக்கு விட்டாலும் காப்பீடு பயனற்றதாகும். கடன் நிலுவையில் உள்ள வண்டியாயின், மாற்றியமைப்பதற்கு முன் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி பழுதாகி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை; பயணச் செலவுக்கு அப்பால் ஒரு தவணைத் தொகையையும் பழுதுபார்ப்புக்கான ஒரு தொகையையும் சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருத்தல் அறிவுடைமை.

புறப்படுமுன் விடை காண வேண்டிய வினாக்கள்

1. பாதையின் ஒவ்வொரு 50 கிலோமீட்டர்ப் பகுதியும் எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது?

2. அப்பகுதியைப் பற்றி நம்மிடம் உள்ள தகவல் எந்த நாளுக்குரியது? அதன்பின் ஒரு மழைக்காலமோ குளிர்காலமோ கடந்துள்ளதா?

3. தகவல் தந்தவர் எத்தகைய வண்டியில் சென்றார்?

4. ஐயத்திற்குரிய பகுதிக்கு மாற்றுப் பாதை உண்டா? இல்லையெனில், எந்த இடம் வரை சென்று திரும்பலாம்?

5. மோசமான பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி நேரம் அமைந்துள்ளதா?

6. டயர்களின் வயது, காற்றழுத்தம், மாற்றுச் சக்கரம் ஆகியவை சரிபார்க்கப்பட்டனவா? எரிவாயு உருளையின் அடைப்பான் மூடப்பட்டு, உருளை அசையாமல் கட்டப்பட்டுள்ளதா?

7. ஃபாஸ்டேக் கணக்கில் இருப்பும், கையில் ரொக்கமும், காப்பீட்டு ஆவணமும், அவசர எண்களும் உள்ளனவா?

இவ்வேழு வினாக்களையும் ஒரு தாளில் எழுதி, எதிரே விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விடை கிடைக்காத இடத்தில் அந்தப் பகுதியை மிகத் தாழ்ந்த தரத்தில் வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். காப்பீட்டு ஆவணத்தில் ஐயம் எழுந்தால், பயண நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அதனுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். கூடுதல் காப்புகள் பலவற்றைக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க இயலும் என்பதால், புதுப்பிக்கும் நாளையும் பார்த்துப் பயண மாதத்தை முடிவு செய்தால் இரண்டும் ஒருங்கே அமையும்.